களையும் காவலும்
சிட்னி நகரத்துக் காடுகள் கற்பித்த பாடம்

தொழில்களுள் அறிவு வேண்டாத தொழில் யாது என்று வினவினால், களை எடுத்தலே என்று தயங்காமல் விடை கூறுவோர் நம்மிடையே பலர். மரம் சீவத் தெரிந்தவர்க்கு ஒரு மதிப்பு உண்டு. கணக்கப்பிள்ளைக்கு அதனினும் மிகுந்த மதிப்பு உண்டு. புல் வெட்டச் சென்ற பெண்டிர்க்கோ மதிப்பும் இல்லை, கூலியும் குறைவு என்பதே மலாயாத் தோட்டங்களில் நெடுநாள் நிலவிய வழக்கம். கை இருந்தாற் போதும், கருத்து வேண்டுவதில்லை என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை. இஃது எத்துணைப் பிழைபட்ட எண்ணம் என்பதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தின் காட்டுப் பூங்காக்களில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை நம் நேயர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்துள் நின்ற காடு

சிட்னி நகரம் ஒரு பெருந்துறைமுகத்தைச் சூழ்ந்து எழுந்தது. அத்துறைமுகத்தின் கரைகள் பல இடங்களில் செங்குத்தான மணற்பாறைகள். வீடு கட்டுதற்கும் பயிர் இடுதற்கும் எளிதில் இடந்தராத காரணத்தினாலேயே அப்பாறைச் சரிவுகளிலும் பள்ளங்களிலும் பழைய காடு தப்பிப் பிழைத்தது. அந்நாட்டார் அதனைப் ‘புஷ்’ என்பர். நம் மலாயாக் காட்டைப்போல் அஃது இருண்டு ஓங்கிய காடன்று. யூக்கலிப்டஸ் இனத்து மரங்களும், பாங்க்ஸியாவும், வாட்டில் என்னும் வேல இனத்து மரங்களும், அவற்றின் கீழே நூற்றுக்கணக்கான சிறு செடிகளும் வெயில் புகுமாறு விரவி நிற்பது அதன் இயல்பு.

அக்காட்டு மண் வறிய மண். பயிர்க்கு உரமாகும் பாஸ்பரஸ் என்னும் சத்து அதில் மிகக் குறைவு. ஆயினும் அங்குள்ள செடிகள் பன்னெடுங்காலமாக அவ்வறுமைக்கே பழகி, அதற்கேற்ற வேரும் இலையும் பெற்று வாழ்ந்தன. 1788-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் வந்து இறங்கியபோது அது யாரும் பேணாத வெறுங்காடாக இருந்ததென எண்ணுவதும் தவறு. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அங்கு வாழ்ந்து, காலமறிந்து நெருப்பிட்டு, வேண்டிய செடிகளை வளர விட்டு, அந்நிலத்தைப் போற்றி வந்தனர். அவர்கள் நிலமிழந்து துரத்தப்பட்ட பிறகே அக்காடு காவலற்றதாயிற்று.

குடியேறியவர்கள் தம்முடன் தோட்டச் செடிகளையும் கொணர்ந்தனர். அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த லாண்டானா, அஃதாவது தமிழ்நாட்டு மலையடிவாரங்களில் ‘உண்ணிச்செடி’ என நம்மவர் வழங்குவது, 1841-ஆம் ஆண்டளவில் அழகுப் பூச்செடியாக அங்குப் புகுந்தது. வேலிக்கென நட்ட பிரிவெட் என்னும் செடி கீழை ஆசியாவிலிருந்து சென்றது. இவற்றின் கனிகளைப் பறவைகள் தின்று விதைகளைக் காட்டினுள்ளே இட்டன. வீட்டுக்காரர்கள் தோட்டக் குப்பையை வேலிக்கு அப்பால் காட்டில் எறிந்தனர். அக்குப்பையில் கிழங்கும் கொடித்துண்டும் உயிரோடு சென்றன.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. கூரைகளிலும் தெருக்களிலும் விழுந்த மழைநீர், தோட்ட உரத்தையும் அழுக்கையும் வாரிக்கொண்டு சரிவுகளில் இறங்கிற்று. வறிய மண் அவ்விடங்களில் கொழுத்த மண்ணாயிற்று. கொழுப்பு, வறுமைக்குப் பழகிய பழஞ்செடிக்கு நோயாயிற்று. வந்தேறிய களைக்கோ விருந்தாயிற்று. ஆகவே களை காட்டைத் தானே வென்றதென்று கூறுதல் பாதி உண்மையே. மண்ணைக் கிளறியும், நீரைத் திருப்பியும், குப்பையைக் கொட்டியும் மனிதர் கதவைத் திறந்து வைத்தனர், களை உட்புகுந்தது.

வெட்டலும் எரித்தலும்

களை பெருகியதைக் கண்டபோது பூங்காக்களைக் காத்தவர்கள் என் செய்தனர்? எவ்விடத்தில் களை மிக அடர்ந்து அவலட்சணமாய்த் தோன்றிற்றோ அவ்விடத்திற்கே முதலிற் சென்றனர். ஆட்களை நிரையாக நிறுத்தி வெட்டினர்; வெட்டியதைக் குவித்து எரித்தனர்; வேரைத் தோண்டி மண்ணைப் புரட்டினர். சில நாட்களில் நிலம் துடைத்த தரைபோல் விளங்கிற்று. பார்த்தவர் மெச்சினர். அடுத்த மழைக்குப் பின்னர் அதே இடத்தில் களை முன்னினும் அடர்ந்து எழுந்தது. மறுபடியும் ஆட்கள் வந்தனர். மறுபடியும் பணம் செலவாயிற்று.

இதன் காரணத்தை மலாயாத் தோட்டத்து மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. லாலாங் புல்லை எரித்தால் அது சாவதில்லை. நிலத்தடியில் ஓடும் அதன் தண்டிலிருந்து புதுத் தளிர் எழும். மண்வெட்டியால் அத்தண்டைத் துண்டித்து விட்டுச் சென்றால் ஒரு புல் பல புல்லாகும். முன்னாளில் ரப்பர்த் தோட்ட முதலாளிகள் மரங்களுக்கிடையே ஒரு பச்சையும் இராதபடி நிலத்தை வழித்து வைப்பதே நல்ல நிர்வாகம் எனக் கருதினர். வெறுமையாக்கிய சரிவுகளில் மலாயாவின் பெருமழை விழுந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. பின்னரே அவர்கள் அறிவு தெளிந்து, மண்ணைப் போர்த்தி நிற்கும் அவரையினக் கொடிகளை வளர்க்கலாயினர். வெறுமையான நிலம் வெறுமையாக இராது. அதில் முதலில் வந்து குடியேறுவது எது என்பதே கேள்வி. மேல்மண்ணில் களை விதையே நிறைந்திருக்குமாயின் களையே வரும்.

நல்லெண்ணத்தோடு செய்த பிழைகளும் பல. நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தில் கடற்கரை மணல் பறவாமல் தடுத்தற்கென்று, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பீட்டூ என்னும் புதர்ச் செடியை 1946 முதல் 1968 வரை அரசினரின் மண் காப்புத் துறையே நட்டு வந்தது. அது மணலைப் பிடித்தது. அத்துடன் கடற்கரைக் காட்டையும் பிடித்தது. பின்னாளில் அதனை ஒழிக்கப் பெரும்பொருள் செலவிட வேண்டியதாயிற்று.

பூச்சிப் படை

களைக்கு எதிரான போரில் மனிதர் கண்ட மற்றொரு துணை பூச்சி. அதில் நம் தாய்நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. சப்பாத்திக் கள்ளியின் ஒரு வகையை அழிக்கும் செதிற்பூச்சியை 1830-களில் வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொணர்ந்தனர். 1860-களில் அது இலங்கைக்கும் சென்றது. களையைப் பூச்சியால் அடக்கும் முயற்சிகளுள் உலகில் முதன்மையானதாக இதனை அறிஞர் குறிப்பிடுவர்.

ஆஸ்திரேலியாவிலோ 1920-களில் கள்ளி ஏறக்குறைய 6 கோடி ஏக்கர் நிலத்தைக் கவர்ந்திருந்தது. குடியானவர்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். 1925-இல் ஆர்ஜென்டைனாவிலிருந்து ஒரு சிறு அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொணர்ந்து வளர்த்து, 1926 முதல் கள்ளிக் காடுகளில் விட்டனர். அதன் புழுக்கள் கள்ளியின் உட்சதையைக் குடைந்து தின்றன. 1933-ஆம் ஆண்டிற்குள் பெருங் கள்ளிக்காடுகள் அழுகி வீழ்ந்தன. அப்பூச்சிக்கு நன்றி பாராட்டிக் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் பூனார்கா என்னும் ஊரார் ஒரு மண்டபமே எழுப்பினர்.

ஆயினும் இவ்வெற்றி எல்லாக் களைக்கும் வாய்க்கவில்லை. லாண்டானாவை அடக்க 1914 முதல் பலவகைப் பூச்சிகளை விட்டுப் பார்த்தனர். அது தளர்ந்ததேயன்றி ஒழிந்தபாடில்லை. மேலும் நகரத்துக் காட்டுப் பூங்காவில் இருப்பது ஒரு களையன்று, பலவகைக் களைகள். ஒவ்வொன்றிற்கும் ஒரு பூச்சியைத் தேடுதல் ஆகும் காரியமன்று. அங்கு மனிதரின் கையும் கண்ணுமே வேண்டியிருந்தன.

தனியொருவர் முயற்சி

நியூ சௌத் வேல்ஸின் வடபகுதியில் ‘பெருங்காடு’ எனப் பெயர்பெற்ற மழைக்காடு ஒன்று முன்னர் ஏறக்குறைய 75,000 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. குடியேறியவர்கள் பால்மாட்டுப் பண்ணைக்காக அதை வெட்டி வெட்டி, நூற்றில் ஒரு பங்கும் மிஞ்சாதபடி செய்துவிட்டனர். அங்கு ஆல்ஸ்டன்வில் என்னும் ஊரில் எஞ்சி நின்ற ஒரு சிறு துண்டே லம்லி பூங்கா. 1935-ஆம் ஆண்டில் ஆம்புரோஸ் கிராபோர்டு என்பார், அண்டை அயலாரின் உதவியுடன் அதிலுள்ள களைகளை அகற்றி, அவ்விடத்துக்குரிய மரங்களையே நட்டு மீட்கத் தொடங்கினார். காட்டை அழித்தே செல்வம் பெற்ற காலத்தில், காட்டை மீட்க முனைந்தது பெருந்துணிவன்றோ!

இரண்டு அம்மையார்

இனி நம் வரலாற்றின் நடுவிடத்திற்கு வருவோம். சிட்னித் துறைமுகத்தின் வடகரையில் மோஸ்மன் என்னும் பகுதி. அங்கே கடலுள் நீண்ட ஒரு முனையில் ஆஷ்டன் பூங்கா உள்ளது. அதன் அருகே வாழ்ந்தவர்கள் எயிலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்னும் உடன்பிறந்த அம்மையார் இருவர். எயிலீன் 1911-இலும் ஜோன் 1916-இலும் பிறந்தவர்கள். பூங்காவை ஆளும் அதிகாரமோ பதவியோ அவர்கட்கு இல்லை. நாள்தோறும் அக்காட்டு வழிகளில் உலாவி, கண்டதைக் கருத்தில் நிறுத்துவதே அவர்கள் வழக்கம்.

1960-களின் தொடக்கத்தில் அவர்கள் ஒன்றைக் கவனித்தனர். பணியாட்கள் பாதையோரத்தை வெட்டிச் சீர்படுத்திய இடங்களிலெல்லாம் களை பெருகிற்று. தாங்கள் நடந்து செல்லுங்கால் ஒன்றிரண்டாகக் கையாற் பிடுங்கிய இடங்களிலோ, காட்டுச் செடியே மீண்டும் முளைத்தது. இது ஏன் என்று அவர்கள் சிந்தித்தனர். இடம் மாற்றியும் பருவம் மாற்றியும் செய்து பார்த்தனர். ‘பெரியோர் செய்யும் முறை இது’ என்று அமைந்துவிடாமல், தம் கண் கண்டதை நம்பினர். இவ்வாறு பிறந்ததே பிராட்லி முறை. 1967-இல் ஒரு சிறு நூலும் 1971-இல் மற்றொன்றும் வாயிலாக அவர்கள் அதனை வெளியிட்டனர்.

அம்முறைக்கு மூன்று விதிகள். முதலாவது, நல்ல இடத்திலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிச் செல்லுக. இரண்டாவது, மண்ணை இயன்றமட்டும் கலைக்காதே. கலைந்த மண்ணை உதிர்ந்த இலைச்சருகால் முன்போல் மூடிவிடு. மூன்றாவது, காட்டுச் செடிகள் மீண்டும் வளரும் வேகமே உன் வேகமாகுக. அவை நிரப்புமுன் மேலும் மேலும் வெட்டி நிலத்தை வெறுமையாக்காதே.

முதல் விதி பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கிற்று. களை மலிந்த இடத்தைக் கண்டு மனம் பதறி அங்கே ஓடுவது மனித இயல்பு. அம்மையாரோ, ‘அதனை இப்போதைக்கு விடு, ஒன்றிரண்டு களையே உள்ள நல்ல காட்டை முதலில் காப்பாற்று’ என்னும் கருத்தை நிலைநாட்டினர். நல்ல காட்டில் ஒரு களையைப் பிடுங்கினால், அவ்விடத்தை நிரப்பச் சுற்றிலும் நூறு நற்செடிகள் காத்திருக்கின்றன. களைக்காட்டின் நடுவே நூறு களையைப் பிடுங்கினாலும், அவ்விடத்தை நிரப்பக் களையைத் தவிர வேறெதுவும் இல்லை.

பின்னர், நல்ல காடும் களைக்காடும் கூடும் எல்லைக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வெல்லையில் ஏறக்குறைய 4 மீட்டர் அகலத்திற்கு மேற்படாத ஒரு கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறு கத்தியும் கத்தரிக்கோலும் கொண்டு, குனிந்தும் அமர்ந்தும் ஒவ்வொரு செடியாக அகற்றுதல் வேண்டும். ஒரு வளர்பருவத்தில் இருமுறை திரும்பிச் சென்று பார்க்க இயலும் நீளமே அக்கீற்றின் நீளம். வென்ற இடத்தைக் காத்து நின்ற பிறகே அடுத்த கீற்று. நம் வள்ளுவரும் உழவைக் கூறிய அதிகாரத்தில், களை கட்ட பின்பு நீர் பாய்ச்சுவதினும் காவலே சிறந்தது என்று கண்டார். களையெடுப்பு ஒரு நாளில் முடியும் செயலன்று, அதன் பின்னுள்ள காவலே பாதித் தொழில் என்பதை உழைப்பவர் எந்நாட்டிலும் அறிவர்.

இம்முறையில் அறிவு எங்கே உள்ளது எனின், விரல் நுனியில் உள்ளது. முளைத்து இரண்டிலை விட்ட செடி களையா, காட்டுச் செடியா என்று அறியாதவர் நற்செடியையும் பிடுங்கிவிடுவர். எக்களை வேரோடு வரும், எது அறுபட்டால் பெருகும், எது பூக்குமுன் அகற்றத்தக்கது என்பனவெல்லாம் ஏட்டில் மட்டும் கற்பன அல்ல.

ஏளனமும் ஏற்றமும்

இருவர் கையால் ஒரு காட்டைக் காத்தல் கூடுமோ என்று ஐயுற்றோர் பலர். ஆனால் காட்டிய இடம் கண்முன் இருந்தது. 1970-களின் நடுவில் நியூ சௌத் வேல்ஸ் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்புச் சங்கம் இம்முறையை ஏற்று, ஜோன் அம்மையாரைக் கொண்டு ஆட்களைப் பழக்கிற்று. அவ்வாட்கள் கூலி பெற்று உழைத்தனர் என்பதை இங்கே அழுத்திக் கூறுகின்றோம். களையெடுப்பவரைக் கற்ற தொழிலாளராக மதித்தது அச்செயல். எயிலீன் 1976-இல் மறைந்தார். ஜோன் 1982-இல் மறைந்தார். அவர்தம் எழுத்துக்கள் 1988-இல் முழுநூலாக வெளிவந்தன. அதற்கு முன்னரே, 1986-இல், காடு மீட்போர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இந்நாளில் அந்நாட்டின் பற்பல நகரசபைகள் தம் எல்லையிலுள்ள காடுகளில் மக்களைத் தொண்டர்களாகச் சேர்த்து இவ்வேலையை நடத்துகின்றன.

ஆனால் பிராட்லி முறையை மாற்றொணா வேதமாக்கிக் கொள்ளவில்லை என்பதே அவர்கள் பெருமை. விங்காம் என்னும் ஊரின் மழைக்காட்டில் மரங்களின் உச்சிவரை கொடிக்களை ஏறி, அவற்றை மூடிக் கொன்றுகொண்டிருந்தது. அங்கு 1980 முதல் உழைத்தவர்கள், கையால் மட்டும் மெல்லச் சென்றால் காடு அதற்குள் மடியும் எனக் கண்டு, களைக்கொல்லி மருந்தையும் துணைக்கொண்டு காட்டை மீட்டனர். வெட்டிய அடித்தண்டில் மட்டும் மருந்தைத் தடவும் வழக்கமும் பரவிற்று. நெடுநாள் நெருப்புக் காணாத காட்டில் சில விதைகள் உறங்கிக் கிடத்தலின், அளவறிந்து தீயிட்டு அவற்றை எழுப்பும் முறையும் சேர்ந்தது. பழங்குடியினர் அறிந்திருந்ததை மற்றவர் மெல்லக் கற்றுக்கொண்டனர் எனலாம்.

மருந்தைப் பற்றி நாம் வாளா கடந்து செல்லுதல் கூடாது. மலாயாத் தோட்டங்களில் லாலாங்கைக் கொல்ல முன்னாளில் ஆர்செனிக் நஞ்சைத் தெளித்தனர். பின்னர்ப் பாராகுவாட் வந்தது. அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் பெரும்பாலார் பெண்கள். அவர்களுள் நம் தமிழ்ப் பெண்கள் பலர். தோல் வெந்தும் நகம் கெட்டும் கண் கலங்கியும் அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. மலேசிய அரசாங்கம் 2002-இல் அதனைத் தடைசெய்ய முடிவு செய்து, 2006-இல் தளர்த்தி, 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தே முற்றத் தடுத்தது. விரைவாகக் களையைக் கொல்ல வேண்டும் என்பார், அவ்விரைவின் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு தண்டில் துளி தடவுதல் வேறு. நாள் முழுதும் நஞ்சை மூச்சில் வாங்குதல் வேறு.

களை யாது?

இறுதியாக ஒன்று. ‘அயல்நாட்டுச் செடியெல்லாம் களை’ என்று சிலர் சுருக்கிக் கூறுவர். அது சரியன்று. மலாயாவைச் செல்வ நாடாக்கிய ரப்பர் மரம் பிரேசில் நாட்டது. 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. சிட்னிக் காட்டில் பிறந்த பிட்டோஸ்போரம் என்னும் மரமே, மண் கொழுத்து நெருப்பு நின்ற இடங்களில் அளவிறந்து பெருகித் தன் அயலை நெருக்குகிறது. ஆஸ்திரேலியாவில் வாழ்வளிக்கும் வாட்டில், நீலகிரியில் பிரிட்டிஷார் நட்டபின் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிற்று. ஆகவே பிறந்த ஊர் அன்று, பிறவற்றை வாழவொட்டாமற் செய்யும் செயலே ஒரு செடியைக் களையாக்குகிறது.

இதனை மனிதர்மேல் ஏற்றி, கடல் கடந்து வந்து உழைத்தவர்களை ‘வந்தேறிய களை’ என்று தூற்றுவோர் உளரேல், அவர்கள் செடிநூலும் அறியார், வரலாறும் அறியார். காட்டை வெட்டித் தோட்டமாக்க நம் முன்னோர் கை கொணரப்பட்டது. அக்கையே இன்று எஞ்சிய காட்டைக் காக்கவும் வல்லது.

சிட்னியின் இரண்டு அம்மையார் காட்டியது யாதெனின், கெட்டதன் பெருக்கத்தைக் கண்டு மலைத்து நிற்க வேண்டா. நல்லது இன்னும் எங்கே உயிரோடு நிற்கிறது என்று முதலில் தேடுக. அதனருகே அமர்ந்து, கையெட்டும் தூரத்தைச் சுத்தம் செய்க. அது வேரூன்றும் வரை காத்திருக்க. பின்னர் ஓரடி முன்னே செல்க என்பதே. தம் ஊரருகே ஒரு துண்டுக் காடேனும் எஞ்சியிருக்கக் காணும் நேயர்கள், அதன் ஓரத்தில் எறியப்படும் குப்பையைத் தடுப்பதிலிருந்தே இதனைத் தொடங்கலாம். களைக்கொத்து பிடித்த கையை இழிந்ததெனக் கருதும் மனப்பான்மையையும் அன்றே விட்டொழிப்பாராக.